போத்தல் போச்சு, டம்ளர் வருது

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து

அன்பு மகள் ஷிரீனுக்கு, அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில் இங்கே நான் சுகம், உன் அம்மா சுகம், உன் பிள்ளை ஜாவித் எங்கள் இருவரையும் விட சுகம். வீட்டில் என் கைப்பேசி மட்டும்தான் மவுத்தாகிவிட்டது. அதை அரிசி டின்னுக்குள் அடக்கம் செய்து வைத்திருக்கிறேன், எழுந்து வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் குளிரில் விறைக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் திட்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் துஆ கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்து போனதே, அதற்குப் பிறகு அத்தா ஏன் கூப்பிடவில்லை என்று நீ என்னென்னவோ நினைத்திருப்பாய். உன் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், அவள் நம்பர் என்று தெரிந்து நீ எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினேன், அது போய்ச் சேர்ந்த மாதிரியே தெரியவில்லை. நீ அவளை பிளாக் செய்திருந்தால் தயவு செய்து சத்தம் போடாமல் எடுத்துவிடு, அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அவளிடம் இருக்கிற மாப்பிள்ளை நம்பரோ அவருடைய பழைய மலேசிய நம்பர், அதில் கூப்பிட்டால் இப்போது யாரோ ஒரு சீனர் எடுத்து ஏசுகிறார். அதனால்தான் பேப்பரும் பேனாவும். நம் சாப்பாட்டுக் கடையில் காலையில் வந்து உட்கார்ந்தால் பத்து மணி வரை எழுந்திருக்காத ரயில்வே இக்னேஷியஸ் அண்ணன் இருக்கிறாரே, அவர் மகள் டீனா லீவு முடிந்து நாளைக்கு டப்ளினுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் ஒரு பெட்டியும் இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன். பேப்பரில் எழுதுவதில் ஒரு நன்மை உண்டு, நீ பாதியில் கட் பண்ண முடியாது.

உனக்கும் உன் அம்மாவுக்கும் நடந்த சண்டையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதை முடிக்காமல் எனக்கு வீட்டில் சோறு உருப்படியாகக் கிடைக்காது. அவள் உன் மேல் இருக்கிற கோபத்தைக் கறியில் காட்டுகிறாள், ஒரு நாள் உப்பே இல்லை, மறுநாள் கடல் தண்ணீரையே கொண்டு வந்து ஊற்றினாற்போல் இருக்கிறது. ஜாவித்தின் பால் போத்தலை எடுத்து வைத்ததற்கு நீ அவளைச் சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. என் பிள்ளைய என்கிட்டேருந்து பிரிச்சிட்டீங்க என்று சொன்னாய். அவள் அதைக் கேட்டுவிட்டு போனை என் கையில் கொடுத்துவிட்டு குசினிக்குப் போய் வெங்காயம் நறுக்கினாள். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே கிடையாது, ஷிரீன். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்பதும் எனக்குத் தெரியும். விமான நிலையத்தில் அந்த நீல மூடிப் போத்தலை அவன் வாயில் வைத்து, அவன் குடிக்கிற மும்முரத்தில் இருக்கும்போது நீ திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாய். அதிலிருந்து தினமும் நீ கூப்பிடுகிற நேரத்துக்கு அவன் அதே போத்தலை உறிஞ்சிக்கொண்டு உன் முகத்தைப் பார்ப்பான். போத்தல் இருக்கிற வரைக்கும்தான் அவன் அசையாமல் உட்கார்ந்து உன்னைப் பார்ப்பான், போத்தல் போனால் உன்னை மறந்துவிடுவான் என்று உனக்குப் பயம். நான் வர்ற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க என்று நீ சொன்னது அதனால்தான். பிள்ளை இருக்கிறவர்களுக்கு அறை கிடையாது என்று சொல்கிற அந்த வீட்டுக்காரியின் வீட்டில் இருந்துகொண்டு, வேறு வீடு கிடைக்கும் வரைக்கும் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு, ராத்திரி டியூட்டியும் பார்த்துக்கொண்டு இருக்கிறவளுக்கு அந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இது எனக்கும் புரியும், அவளுக்கும் புரியும். ஆனால் நீ அவன் முகத்தைத்தான் போனில் பார்க்கிறாய், அவள் தினமும் அவன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறாள்.

கிளினிக்கில் என்ன நடந்தது என்று உன் அம்மா உனக்கு முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாள், நான் சொல்கிறேன். பல் டாக்டர் சின்னப் பெண், நம் ஜாவித்துக்கு அக்கா மாதிரி இருந்தாள். முன் பல்லில் மஞ்சளும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு கோடு விழுந்திருக்கிறது என்று காட்டினாள். போத்தலை வாயில் வைத்துக்கொண்டே தூங்குகிறானா என்று கேட்டாள், ஆமாம் என்றோம். பாலில் சீனி போடுகிறீர்களா என்று கேட்டாள். உன் அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், அல்லா சத்தியமா சீனியே போடுறதில்ல டாக்டர், கொஞ்சம் சூசு மட்டும்தான் என்றாள். அந்தப் பெண் மாஸ்க்குக்குள் சிரித்தது எனக்குத் தெரிந்தது. இது உன் அம்மாவின் பொய் இல்லை, டின்னில் வருகிற கெட்டிப்பாலை நம் வீட்டில் யாரும் எந்தக் காலத்திலும் சீனி என்று நினைத்ததே கிடையாது. சாப்பாட்டுக் கடைக்காரர் வீட்டில் பால் என்றால் அதில் சூசு இருக்கும், இல்லாவிட்டால் அதற்குப் பெயர் தண்ணீர். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள், சூசுவை இன்றோடு நிறுத்துங்கள், ஒரு வயது ஆனதுமே கப்புக்கு மாற்ற ஆரம்பித்திருக்க வேண்டும், இவனுக்கு ஒன்றே முக்கால் ஆகிறது, இனி தள்ளிப்போட்டால் பல் சொத்தையாகி வலியெடுக்கும், ஒரேயடியாகப் பிடுங்கவும் வேண்டாம், பகல் போத்தலை முதலில் கப்பாக்குங்கள், தூங்கும் நேரத்துப் போத்தலைக் கடைசியில் விடுங்கள், அதுவரைக்கும் அதில் வெறும் தண்ணீர் கொடுங்கள், பல்லைத் துலக்கிவிட்டுத் தூங்க வையுங்கள். வெளியே வந்ததும் உன் அம்மா, அவளுக்குக் கல்யாணமே ஆகல போலிருக்கு, இவ நமக்குச் சொல்றா என்றாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சூசு டின்னை எடுத்து எனக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள். தண்டனை பிள்ளைக்கா எனக்கா என்று இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கப் வாங்குகிற பொறுப்பு எனக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸுக்கு மசாலா சாமான் எடுக்கப் போன அன்று ஒரு கடையில் இரண்டு பக்கமும் காது வைத்த யானை மூஞ்சிக் கப் ஒன்று வாங்கினேன். உன் பிள்ளை அதன் காதைப் பிடித்துக்கொண்டு அதால் என் முழங்காலில் அடித்தான். அடுத்தது கவிழ்த்தாலும் சிந்தாத கப் என்று ஒன்று. அதில் முதலில் நான் குடித்துப் பார்த்தேன், எந்தப் பக்கம் வாய் வைத்தாலும் ஒன்றும் வரவில்லை, கன்னம் வலிக்க உறிஞ்சிக்கொண்டிருந்தபோது கடைக்கு வந்த மலாய்க்காரத் தம்பி ஒருவர், பாஸ், மூச்சுப் பயிற்சியா என்று கேட்டார். யோசனை சொல்வதற்கு நம் கடையில் ஆள் பஞ்சமா. ரொட்டி போடுகிற பக்கிரிசாமி, ரப்பர் முனையில பாவக்கா சாறு தடவுங்க பாய், கசந்தா தானா விட்ருவான் என்றான். தடவினோம். உன் பிள்ளை நக்கிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தடவச் சொல்லி நீட்டினான், இப்போது கறியில் பாகற்காய் இல்லாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்கிறான், அந்த ஒரு வகையில் பக்கிரிசாமிக்கு நன்றி. இக்னேஷியஸ் அண்ணன் சம்சாரம் வெரோனிகா அக்கா, ரப்பர் முனையைக் கத்தரித்துவிட்டால் உறிஞ்சுகிற சுகம் போய்விடும் என்றார். பிள்ள அந்தத் துண்டை முழுங்கிட்டா யார்க்கா பதில் சொல்றது என்று உன் அம்மா கேட்டாள், அந்த யோசனை அங்கேயே முடிந்தது. எல்லாரும் பிள்ளை வளர்த்தவர்கள்தான் லா, ஆனால் அவரவர் பிள்ளை எப்படிப் போத்தலை விட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன், உன் அம்மா சொல்லி நீ கேட்பதை விட நானே சொல்வது எனக்குக் கௌரவம். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை விட்டு ஆட்கள் மொத்தமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள், உன் அம்மா பின்னால் மீன்கறி பார்க்கிறாள், ஜாவித் கல்லாவில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு போத்தல் கேட்டு அலறுகிறான். ஒரு கையில் மீதிச் சில்லறை, ஒரு கையில் உன் பிள்ளை. எதிரில் ஒருத்தர் தே ஓ ஐஸ் புங்குஸ், பால் விடாத ஐஸ் தேநீரைப் பையில் கட்டித் தரச் சொல்லி நிற்கிறார். அவருக்குக் கட்டிக் கொடுத்த கையோடு, யோசிக்கவே இல்லை, பாலை ஆற்றி ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஓரத்தில் முடிச்சுப் போட்டு ஸ்ட்ராவைச் சொருகி அவன் விரலில் மாட்டிவிட்டேன். ஒரே இழுப்பு. பை காலி. அழுகை இல்லை, சிந்தல் இல்லை. அன்றைக்கு நான் பட்ட பெருமைக்கு அளவில்லை, டாக்டர்கள் பெரிய பெரிய படிப்புப் படித்துவிட்டு இந்தச் சின்ன விஷயத்தைக் கண்டுபிடிக்கவில்லையே என்று இக்னேஷியஸ் அண்ணனிடம் சொன்னேன், அவரும் தலையாட்டினார். மறுநாள் காலையில் உன் அம்மா டம்ளரில் பால் கொண்டு வந்தாள், துரை திரும்பிப் பார்க்கவில்லை. போத்தலில் கொண்டு வந்தாள், அதையும் தள்ளிவிட்டான். புங்குஸ் வேண்டுமாம். தண்ணீரும் புங்குஸ், கஞ்சித் தண்ணியும் புங்குஸ். அதுவும் நாம் உள்ளே கட்டி எடுத்து வந்தால் ஆகாது, அவன் கண் முன்னால் முடிச்சுப் போட வேண்டும். உன் அம்மா குசினியில் கடைக்காரி மாதிரி பையும் ஸ்ட்ராவும் ரப்பர் பேண்டும் தொங்கவிட்டாள். ஜெஞ்சாரோமில் என் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போன இடத்தில், எல்லாப் பிள்ளைகளும் கிளாஸில் சிரப் தண்ணி குடிக்கின்றன, இவன் மட்டும் கிளாஸைப் பார்த்ததும் தரையில் விழுந்து புரள்கிறான். பட்டுச் சட்டை போட்ட நான் பின்பக்கம் பிரியாணி சட்டிக்காரர்களிடம் போய், அண்ணே, ஒரு பிளாஸ்டிக் பை இருக்குமா என்று கெஞ்சினேன். திரும்பி வரும்போது இக்னேஷியஸ் அண்ணன் காரில் பாதி குடித்த சிரப் புங்குஸ் மேல் அவன் உட்கார்ந்துவிட்டான். அந்தச் சீட் இன்றைக்கும் ரோஜாப்பூ நிறம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என்னை நிற்க வைத்துக் கேட்டாள், போத்தலை விடச் சொன்னா பிளாஸ்டிக் பைக்கு மாத்தி வச்சிருக்கீங்க, அடுத்தது என்ன, ஹோஸ் பைப்பா, நாளைக்கு அயர்லாந்துல போய் புங்குஸ் கேட்டா என் மவ யார்கிட்ட போய்க் கட்டிட்டு வருவா. ஊற்றிக் கட்டின பையைப் பிள்ளை முகத்தருகே விடுவதும் ஆபத்து, தெரியாமல் மூஞ்சியில் ஒட்டினால் என்ன ஆகும் என்றாள். அன்றே பையையெல்லாம் சுருட்டிக் கடைக்கு அனுப்பிவிட்டாள், துரை மறுபடி போத்தலுக்கே திரும்பினான். கவனித்துக்கொள் ஷிரீன், அவள் கவலைப்பட்டது உன்னைப் பற்றி. அவளைத்தான் நீ பிள்ளையைப் பிரித்தவள் என்று சொன்னாய்.

பிறகு எப்படி டம்ளருக்கு வந்தான் என்று கேட்டால், நாங்கள் யாரும் ஒன்றும் செய்யவில்லை. காலையில் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு எதிரே தேநீர் போடுகிற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். சுடுதண்ணீர்ப் பக்கம் அவனை விடுவதில்லை, பயப்படாதே. நான் தே தாரிக்குக்காகத் தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயர இழுத்து ஆற்றும்போது என் கை மேலே போனால் அவன் தலை மேலே போகும், கீழே வந்தால் கீழே வரும், நுரை பொங்கி நின்றதும் மூச்சு விடுவான். ஒரு நாள் கடையில் சீனி அள்ளுகிற இரண்டு சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கழுவி வைத்திருந்தேன், அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். குளிக்கிறபோது அதில் தண்ணீரை எடுத்து இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு ஊற்றிக்கொண்டே இருந்தான். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு மறுநாள் ஆறின பாலை ஒரு டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள், இன்னொன்றைக் காலியாக வைத்தாள். அவன் தாரிக் போட்டான். பாதி என் கைலியில், கால்வாசி பாயில். மிச்சம் இருந்ததை, நுரை வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தான். குடித்து முடித்து நம் கடைக்கு வருகிற லாரிக்காரர்கள் மாதிரி ஆஆ என்று ஒரு சத்தம் கொடுத்தான். உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அதிலிருந்து பகலில் போத்தல் இல்லை. தாரிக் போடாமல் குடிக்க மாட்டான், வீடு முழுக்க எறும்பு, பாய் எல்லாம் புளித்த பால் வாடை, ஆனாலும் கப்பில் குடிக்கிறான். குடும்பத்தில் யாருக்கும் தேநீர் வாடை அடிக்கக் கூடாது என்று நீ நர்ஸுக்குப் படித்தாய், உன் பிள்ளை பால் பல் விழும் முன்னே கடையைப் பொறுப்பெடுத்துக்கொண்டான். எனக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை.

அவன் தூங்கப் போகும் முன்னால் நீ கூப்பிடுகிற நேரத்துப் போத்தல் மட்டும் மிச்சம் இருந்தது. டாக்டர் சொன்னபடி உன் அம்மா அதில் வெறும் தண்ணீர் ஊற்றினாள். அவன் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, நம் கடையில் ஈ விழுந்த தேநீரைத் திருப்பி அனுப்புகிற ஆள் மாதிரி அவளைப் பார்த்துவிட்டு அதைச் சோபாவுக்குக் கீழே எறிந்தான். மறுநாளும் எறிந்தான். அதற்கடுத்த நாள் அவள் எடுத்து வைத்துவிட்டாள். நீ பார்த்தது அன்றைய கூத்தைத்தான். போத்தல் இல்லாததால் அவனுக்கு ஓரிடத்தில் உட்காரப் பொறுமை இல்லை, போனில் நீ செல்லமே தங்கமே என்று கூப்பிடுகிறாய், அவன் பூனையைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். நீ அழுதாய், அம்மாவைச் சொன்னாய், வைத்துவிட்டாய். உன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் போத்தலை ஒளித்து வைத்தது உன்னிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க இல்லை, அவன் பல்லைக் காப்பாற்ற. அதற்குப் பிறகு இன்னொரு தடவை கிளினிக்குக்குப் போனோம், கோடு அதற்கு மேல் பரவவில்லை, இப்படியே துலக்கிக்கொண்டிருங்கள் என்று சொல்லி ஏதோ மருந்து தடவி அனுப்பினாள் அந்தப் பெண். உன் அம்மா அவளுக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டு போய்க் கொடுத்தாள். பல் டாக்டருக்கு முறுக்கு கொடுக்கிற பெண்பிள்ளையைத்தான் நான் கட்டியிருக்கிறேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை. மஃரிபுத் தொழுகை முடிந்து நாங்கள் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தோம், உனக்கு அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், யூனிஃபார்மோடு கேன்டீனில் உட்கார்ந்து கூப்பிட்டாய். நான் போனைச் சாய்த்துப் பாயில் வைத்தேன், பக்கத்தில் அவன் இரண்டு டம்ளரோடு தொழிலில் இருந்தான். நீ அவனைக் கூப்பிட்டாய், அவன் நிமிரவில்லை. நீ என்னிடம் பேச ஆரம்பித்தாய், பேசப்பேச உனக்கு அழுகை வந்துவிட்டது, கேன்டீனில் யாரும் பார்க்கக் கூடாது என்று முகத்தைக் கையால் மூடிக்கொண்டாய். முகத்தை மூடிக்கொண்டே, அவன் என்னைப் பாக்கவே மாட்டேங்கிறான் அத்தா, நான் யாருன்னே அவனுக்குத் தெரியல என்றாய். அதுதான் நீ கடைசியாகச் சொன்னது, அதோடு உன் பக்கம் இருட்டாகிவிட்டது. அந்த நேரத்தில் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நீ பார்க்கவில்லை, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதி வந்தேன். உன் அழுகைச் சத்தம் கேட்டதும் அவன் நிமிர்ந்தான். போனையே பார்த்தான். கையில் இருந்த பாலை இந்த டம்ளரிலிருந்து அதற்கு ஒரு தாரிக், அதிலிருந்து இதற்கு ஒரு தாரிக் போட்டான், அவசரத்திலும் நுரை வந்ததா என்று பார்த்துக்கொண்டான். அவன் குடிக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முட்டி போட்டு நகர்ந்து வந்து, ம்மா, இங்கா என்று சொல்லி, உன் வாய் இருந்த இடத்தில் டம்ளரை வைத்துச் சாய்த்தான். மொத்தப் பாலையும். நான் கையை நீட்டுவதற்குள் போன் குடித்து முடித்துவிட்டது. சார்ஜர் போடுகிற ஓட்டை வழியாக உள்ளே போய், ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்தது. திரை கறுத்ததும் அவன் குனிந்து, நீ ஆஆ சொல்வாய் என்று காத்திருந்தான். நீ சொல்லவில்லை. உடனே காலி டம்ளரை உன் அம்மாவிடம் நீட்டினான், இன்னும் ஊற்று, அவளுக்குப் பத்தவில்லை என்று.

ஷிரீன், அந்தப் பிள்ளை கடைந்தெடுத்த கஞ்சன். எனக்கு ஒரு சொட்டு கொடுத்தது கிடையாது, டம்ளரைத் தொட்டால் கடிப்பான். பாட்டிக்கும் இல்லை, பூனைக்கும் இல்லை. கொடுத்தது உனக்கு மட்டும். போத்தல் கையில் இருந்தவரைக்கும் அவன் உன்னைப் பார்த்துக்கொண்டே குடித்தான், அது அவன் வயிற்றுக்கு. இப்போது உன்னைக் குடிக்க வைக்கப் பார்க்கிறான். நீ யார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், அழுகிறவளுக்குப் பால் கொடுத்தால் நின்றுவிடும் என்பதும் தெரியும், அதை அவனுக்குச் செய்து காட்டினவள் நீதான். நான் அன்றைக்கு போனைத் துடைத்துக்கொண்டே அழுதேன், உன் அம்மா கேட்டதற்கு போன் போச்சே என்று அழுகிறேன் என்று சொன்னேன், அவள் நம்பவில்லை, அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் உன் அம்மாவைக் கூப்பிடு. அவள் எடுத்ததும் முதலில் கரண்டிச் சத்தம்தான் கேட்கும், வைத்துவிடாதே, காத்திரு. மன்னிப்பெல்லாம் நீட்டி முழக்க வேண்டாம், சாப்பிட்டீங்களாம்மா என்று கேள், அவளுக்கு அது போதும். அந்த நீல மூடிப் போத்தலை அவள் எறியவில்லை, கழுவிக் காய வைத்து அலமாரியில் அவள் நல்ல சேலைக்கு நடுவில் வைத்திருக்கிறாள், வந்து எடுத்துக்கொள். அங்கே கவிழ்த்தாலும் சிந்தாத கப், யானை மூஞ்சிக் கப் எதையும் வாங்கித் தொலைக்காதே, இரண்டு சாதாரண டம்ளரும் ஒரு நல்ல தரை துடைப்பானும் வாங்கி வை. பாலை இரண்டு விரலுக்கு மேல் ஊற்றாதே, முழுக்க ஊற்றினால் முழுக்கத் தரைக்குத்தான். ராத்திரி பல்லைத் துலக்கின பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் கொடுக்காதே, அவன் எவ்வளவு கெஞ்சினாலும். டிசம்பரில் வருகிறோம் என்று சொன்னீர்கள், மாப்பிள்ளை இன்னும் வீடு தேடிக்கொண்டே இருந்தால் அந்த வீட்டுக்காரியோடு என்னைப் பேசச் சொல், நான் ஒரு தே தாரிக் போட்டுக் கொடுத்துச் சரிக்கட்டுகிறேன். பெட்டியில் நெத்திலி சம்பல், கறித்தூள், முறுக்கு இருக்கிறது, சம்பலை அளவாகப் போட்டுச் சாப்பிடு, உன் அம்மா அந்தக் கோபத்தோடு இடித்தது. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளும், நிம்மதியான தூக்கமும், பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளுகிற ஒரு வீடும் தரட்டும். அந்த வீட்டில் தரை மட்டும் எப்போதும் காயாமல் இருக்கட்டும்.

துஆவுடன்,
உன் அத்தா,
ஹாசிம்

மறந்துவிட்டேன். பெட்டி கட்டும்போது ஜாவித் பக்கத்தில் நின்றான். அவன் இரண்டு டம்ளரில் ஒன்றைத் தூக்கி உள்ளே போட்டான். நான் எடுத்தேன், அவன் போட்டான், எடுக்க எடுக்கப் போட்டான். இதைப் படித்துவிட்டு அங்கே ஒரேயடியாக உருகிவிடாதே, என் இடது கால் செருப்பையும் அதே பெட்டியில்தான் போட்டான். செருப்பை நான் எடுத்துக்கொண்டேன், டம்ளரை விட்டுவிட்டேன். வரும்போது மறக்காமல் கொண்டு வா, ஒற்றை டம்ளரை வைத்துக்கொண்டு தாரிக் போட முடியாமல் நிற்கிறான்.